பழைய ஜப்பானிய வாள்: ஆராய்வது எப்படி, விலை மதிப்பிடுவது எப்படி?

ஒரு பழைய ஜப்பானிய வாள் கைக்கு வந்ததும் பெரும்பாலானோர் முதலில் செய்வது, கைப்பிடியைக் கழற்றி உள்ளே இருக்கும் எழுத்துகளைப் படம் எடுத்து, "இது யார் செய்தது, எவ்வளவு போகும்?" என்று கேட்பதுதான். இந்த வரிசை தலைகீழானது. கையொப்பம் என்பது ஒருவர் சொல்லும் பேச்சு மட்டுமே. அது உண்மையா என்பதை இரும்பைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அதனால் இந்த வழிகாட்டியில் கையொப்பம் மிகவும் தள்ளித்தான் வரும்.

தொடங்கும் முன் செய்யக் கூடாதவை

வாளைத் தீட்டாதீர்கள். உப்புத்தாள், உலோக மெருகுப் பசை, எலுமிச்சை, வினிகர் எதுவும் அதன் பக்கத்திலேயே வரக் கூடாது. அலகை விரலால் தொடாதீர்கள். வியர்வை பட்ட இடத்தில் சில நாட்களிலேயே துரு பிடிக்கும். எல்லாவற்றையும் விட முக்கியம், கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் வால் பகுதி. அதற்கு நாகாகோ என்று பெயர். அதில் இருக்கும் கரும்பழுப்புத் துருவை ஒருபோதும் சுரண்டக் கூடாது. நூற்றாண்டுகளாகப் படிந்த அந்தத் துருதான் வாளின் வயதுக்குச் சாட்சி. சுத்தம் செய்கிறேன் என்று அதைப் பளபளப்பாக்கியவர்கள், வாள் மதிப்பில் பெரும்பகுதியைத் துணியில் துடைத்து எறிந்திருக்கிறார்கள்.

படி 1: இது எந்த வகை வாள்?

சந்தையில் சுற்றும் பொருட்களை மூன்றாகப் பிரிக்கலாம். மரபு முறையில் மடித்து அடித்து, களிமண் பூசிச் சூடாக்கி, தண்ணீரில் முக்கி எடுத்த உண்மையான நிஹோன்தோ. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் படைக்காகச் செய்த வாள்கள். அண்மைக் காலப் போலிகள்.

போர்க்கால வாள்கள் தென்கிழக்கு ஆசியாவில் நிறையப் பரவின. 1945-ல் ஜப்பான் சரணடைந்தபோது சிங்கப்பூர், மலாயா, பர்மா எங்கும் அதிகாரிகளின் வாள்கள் ஒப்படைக்கப்பட்டன. பல வாள்கள் நினைவுப் பொருளாக வீடுகளுக்கும் படைப்பிரிவு அருங்காட்சியகங்களுக்கும் போய்ச் சேர்ந்தன. இவற்றில் கீழ்நிலை அதிகாரிகளுக்கு வழங்கிய 95-ம் வகை வாளை அடையாளம் காண்பது எளிது: அலகின் அடியில் வரிசை எண் பொறித்திருக்கும், கைப்பிடி பெரும்பாலும் உலோகத்தில் வார்த்தது, நாடா சுற்றியது போலத் தோற்றம் மட்டும் கொடுத்திருப்பார்கள். இயந்திரத்தில் செய்த இந்த வாளைப் போர்ச் சின்னமாகச் சேகரிப்பவர்கள் உண்டு, ஆனால் அது வேறு சந்தை.

மேல்நிலை அதிகாரிகளின் 98-ம் வகையில்தான் கவனம் தேவை. வெளியே ஒரே மாதிரி படைக் கைப்பிடியும் உலோக உறையும் இருக்கும். உள்ளே தொழிற்சாலை அலகும் இருக்கலாம், 400 ஆண்டு பழைய குடும்ப வாளும் இருக்கலாம். நாகாகோவில் ஷோவா (அன்றைய ஆட்சிக் காலத்தின் பெயர்) முத்திரையோ செகி (வாள்கள் செய்த ஊர்) முத்திரையோ குத்தியிருந்தால், பெரும்பாலும் மரபு முறை சாராத அலகு. நட்சத்திர முத்திரை இருந்தால் கதை வேறு: அது படை அங்கீகரித்த கொல்லர், மரபு எஃகில் செய்தது.

போலிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அலகு முழுக்க வரிக்குதிரை போலப் பளிச்சென்று கோடுகள் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். உண்மையான வாளின் ரேகை அடக்கமானது. தேடினால்தான் கண்ணில் படும்.

படி 2: கழற்றுவதும் அளப்பதும்

கைப்பிடியின் குறுக்கே ஒரு மூங்கில் ஆணி இருக்கும். அதன் சிறிய முனைப் பக்கத்திலிருந்து தட்டி வெளியே எடுக்க வேண்டும். பிறகு வாளைச் சற்றே சாய்த்து நிமிர்த்திப் பிடித்து, கைப்பிடியைப் பிடித்த மணிக்கட்டின் மீது மற்றொரு கையால் மெதுவாகக் குத்தினால் அலகு தளர்ந்து மேலே எழும். வரவில்லை என்றால் வலுக்கட்டாயம் வேண்டாம். ஸ்பேனர், சுத்தியல் எதுவும் வேண்டாம். தெரிந்தவரிடம் கொண்டு போங்கள்.

நீளத்தை நுனியிலிருந்து, அலகின் முதுகு நாகாகோவைச் சந்திக்கும் வெட்டு வரை நேர்கோட்டில் அளக்க வேண்டும். வளைவின் மேல் டேப் ஓட்டக் கூடாது. ஜப்பானிய ஷாகு அளவு 30.3 செ.மீ. 2 ஷாகு, அதாவது 60.6 செ.மீ.யும் அதற்கு மேலும் இருந்தால் கத்தானா (கூர்விளிம்பு மேல்நோக்க இடுப்பில் செருகுவது) அல்லது தாச்சி (விளிம்பு கீழ்நோக்கத் தொங்கவிடுவது). 1 முதல் 2 ஷாகு வரை வாக்கிசாஷி. அதற்கும் கீழே தான்தோ. இந்த எல்லைக்கோடு விலையில் பெரிய பள்ளத்தை உண்டாக்குகிறது. ஒரே கொல்லர் செய்த, ஒரே தரமுள்ள இரண்டு வாள்களில், 59 செ.மீ. உள்ளதைவிட 62 செ.மீ. உள்ளது கணிசமாக அதிக விலை போகும். 17 முதல் 19-ம் நூற்றாண்டு வரையான எடோ காலத்தில் வணிகர்களும் வாக்கிசாஷி அணியலாம் என்பதால் அவை ஏராளமாகச் செய்யப்பட்டன; இன்று தரமான வாளைக் குறைந்த செலவில் வாங்க நினைக்கும் புதியவருக்கு, என் கருத்தில் நல்ல வாக்கிசாஷியை விடச் சிறந்த தொடக்கம் இல்லை.

அடி அகலம், நுனி அகலம், முதுகின் தடிமன், வளைவின் ஆழம் ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். முதுகுத் தடிமனை இரண்டு இடத்தில் அளக்க வேண்டும்: நாகாகோவில் ஒன்று, அதற்குச் சற்று மேலே அலகில் ஒன்று. நாகாகோ மெருகிடப்படுவதில்லை, அலகு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேய்கிறது. இரண்டுக்கும் வித்தியாசம் அதிகம் என்றால் அந்த வாள் பலமுறை மெருகிடப்பட்டுக் களைத்துப்போயிருக்கிறது.

படி 3: வடிவம் சொல்லும் காலம்

ஜப்பானிய வாள்களை 1596-க்கு முந்தைய கோதோ, அதன்பின் 18-ம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை ஷிந்தோ, பிறகு 1876 வரை ஷின்ஷிந்தோ, அதற்குப் பிந்தைய கெந்தாய்தோ என்று பிரிப்பது வழக்கம். 1876 என்பது பொதுமக்களும் சாமுராய்களும் வாள் அணிந்து நடமாடத் தடை வந்த ஆண்டு.

குதிரை மேலிருந்து போரிட்ட காலத்துத் தாச்சியில் வளைவு கைப்பிடியை ஒட்டி ஆழமாக இருக்கும், நுனி சிறியதாக இருக்கும். 14-ம் நூற்றாண்டின் நான்போகுச்சோ காலத்தில் அகலமான, நீண்ட நுனி கொண்ட மாபெரும் வாள்கள் வந்தன. பின்னால் வந்தவர்கள் அவற்றை நாகாகோப் பக்கமிருந்து வெட்டிக் குட்டையாக்கினார்கள். அப்போது கையொப்பமும் போய்விடும். அதனால் அந்தக் காலத்துப் பெரிய கொல்லர்களின் வாள்கள் பல இன்று கையொப்பமின்றியே இருக்கின்றன. இது குறையல்ல. 16-ம் நூற்றாண்டில் காலாட்படைக்கு வேண்டி ஒரு கையால் வீசத்தக்க குட்டையான வாள்கள், குட்டை நாகாகோவுடன் வந்தன. 1661 முதல் 1673 வரையான கன்புன் ஆண்டுகளின் வாளோ ஏறக்குறைய நேராக, நுனி நோக்கிக் குறுகி இருக்கும்.

ஷின்ஷிந்தோ காலத்தவர்கள் பழைய வடிவங்களையே நகலெடுத்தார்கள் என்பதால் வடிவத்தை மட்டும் நம்ப முடியாது.

படி 4: இரும்பைப் படித்தல்

இங்கேதான் நேரம் செலவிட வேண்டும். அறையை இருட்டாக்கி, ஒற்றைக் குண்டு பல்பு அல்லது ஒரு சிறிய ஸ்பாட் லைட் மட்டும் போட்டு, வாளின் நுனியை விளக்கை நோக்கி நீட்டி மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். ட்யூப் லைட்டில் எதுவும் தெரியாது.

கூர்விளிம்பை ஒட்டி ஓடும் வெண்மையான எல்லைக்கோடுதான் ஹாமோன். களிமண் பூசித் தண்ணீரில் முக்கியபோது, விளிம்பு வேகமாகக் குளிர்ந்து கடினமானதும் முதுகு மெதுவாகக் குளிர்ந்து மென்மையாக நின்றதும் உண்டாக்கிய எல்லை அது. உண்மையான ஹாமோனில் கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியும் மின்னும் துகள்கள் இருந்தால் நியே. பனிமூட்டம் போல் ஒன்றாகப் படர்ந்திருந்தால் நியோய். அமிலம் தடவியோ கம்பிப் பிரஷ் தேய்த்தோ வரைந்த போலி ஹாமோனில் இந்த ஆழம் இருக்காது. எந்தக் கோணத்தில் பார்த்தாலும் ஒரே தட்டையான வெள்ளை.

அதற்கு மேலே உள்ள பரப்பில் எஃகை மடித்த ரேகை தெரியும்: பலகையை வாரிய மாதிரி, முடிச்சு மாதிரி, நேர்கோடாக. இதையும் ஹாமோனையும் சேர்த்துத்தான் ஐந்து மரபுகளை அடையாளம் காண்பார்கள்: யமாஷிரோ, யமாதோ, பிசென், சோஷூ, மினோ. யமாதோ என்றால் நேர் ரேகை, நேர் ஹாமோன். பிசென் என்றால் கிராம்பு மொட்டு வரிசை போன்ற ஹாமோன், பரப்பில் உத்சுரி என்னும் மங்கலான நிழல். சோஷூ என்றால் துகள் துகளாக மின்னும் நியே. இவை தொடக்கத்துக்குப் போதும். மீதியைக் கண் பழகித்தான் கற்க வேண்டும். தோக்கியோவின் ரியோகோகுவில் உள்ள ஜப்பானிய வாள் அருங்காட்சியகத்திலோ, ஓகாயாமா மாநிலம் ஓசாபுனேயில் உள்ள வாள் அருங்காட்சியகத்திலோ அரைநாள் நின்று பார்ப்பது பல மாதப் படிப்புக்குச் சமம்.

அடுத்து, குறைகளைத் தேடுங்கள். எல்லாக் குறையும் ஒன்றல்ல. ரேகை வாக்கில் சிறு திறப்பு, கொப்புளம், சிறு ஒட்டு ஆகியவை பழைய வாளில் சாதாரணம். விலை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். ஹாகிரே வேறு ரகம்: கூர்விளிம்பிலிருந்து செங்குத்தாக மேலே ஏறும் மயிரிழை விரிசல். அது இருந்தால் வாள் செத்தது என்றே வியாபாரிகள் நினைப்பார்கள். முழு விளிம்பையும் உருப்பெருக்கிக் கண்ணாடியால் அங்குலம் அங்குலமாகப் பாருங்கள். புகைப்படத்தில் இது தெரியவே தெரியாது. நுனியில் ஹாமோன் விளிம்புக்கு வெளியே ஓடி மறைந்திருந்தாலும் பெரிய அடி. அதாவது நுனி உடைந்து மறுபடி வடிவமைக்கப்பட்டிருக்கிறது.

தீயில் வெந்து மீண்டும் கடினமாக்கப்பட்ட வாள்களும் உண்டு. 1615-ல் ஓசாகா கோட்டை வீழ்ந்தபோது எரிந்த புகழ்பெற்ற வாள்களை எச்சிசென் யாசுத்சுகு என்ற கொல்லர் மறுபடி தோய்த்துக் கொடுத்தது வரலாறு. அத்தகைய மாபெரும் வாள்களுக்கு வரலாற்று மதிப்பு இருக்கிறது. சாதாரண வாள் வெந்திருந்தால் அந்தச் சலுகை கிடைக்காது. அலகின் அடியில், விளிம்பு தொடங்கும் இடத்திலிருந்து சாய்வாக ஏறும் வெளிறிய நிழல் அதற்கான ஓர் அறிகுறி.

படி 5: நாகாகோ, அதன்பின் கையொப்பம்

துருவின் நிறத்தைப் பாருங்கள். கோதோ வாளில் கருமை படிந்த, வழுவழுப்பான துரு. சிவந்த, பொடிப்பொடியாக உதிரும் துரு அண்மைக் காலத்தது. கையொப்பக் கோடுகளுக்குள் இருக்கும் துருவும் சுற்றுப் பரப்பின் துருவும் ஒரே வயதுடையதாகத் தெரிய வேண்டும். சுற்றிலும் கருமை, எழுத்துக்குள் மட்டும் புதுமை என்றால் பின்னால் யாரோ வெட்டிய எழுத்து. அரத்தால் ராவிய கோடுகளின் சாய்வு, நாகாகோ முனையின் வடிவம், துளைகளின் எண்ணிக்கை ஆகியவற்றையும் குறியுங்கள். ஒவ்வொரு பட்டறைக்கும் இவற்றில் தனிப் பழக்கம் இருந்தது.

இப்போது எழுத்தைப் பார்க்கலாம். நுனி மேலே இருக்கும்படி பிடித்து, கையொப்பம் உங்களை நோக்கி இருக்க, கூர்விளிம்பு உங்கள் இடப்பக்கம் இருந்தால் கத்தானா முறைக் கையொப்பம். வலப்பக்கம் இருந்தால் தாச்சி முறை. விதிவிலக்குகள் உண்டு: ஹிசென் நாட்டுத் (நாடு என்றால் இங்கே பழைய மாகாணம்) தாதாயோஷி கொல்லர் பரம்பரையினர் கத்தானாவிலும் தாச்சி முறையிலேயே ஒப்பமிட்டார்கள்.

தேதி இருந்தால் பெரும்பாலும் மறுபக்கத்தில், ஜப்பானிய ஆட்சி ஆண்டில் இருக்கும். எய்ஷோ 1504-ல் தொடங்குகிறது. எய்ஷோ 10 என்றால் 1504 உடன் 9 கூட்டி 1513. மாதம் பெரும்பாலும் இரண்டு அல்லது எட்டு என்றே இருக்கும். எல்லா வாளும் அந்த மாதத்தில் செய்ததல்ல, அது எழுதும் மரபு.

ஒரே ஓர் எடுத்துக்காட்டை ஆழமாகப் பார்ப்போம்: சுகேசாதா. சேகரிப்பவர் கையில் அடிக்கடி வந்து விழும் பெயர் இது. பிசென் நாட்டு ஓசாபுனேயில், போர்கள் ஓயாத 16-ம் நூற்றாண்டில், பல பத்துக் கொல்லர்கள் இந்தப் பெயரில் வேலை செய்தார்கள். தேவை மிகுந்ததால் மொத்தமாக அடித்துத் தள்ளிய வாள்களும், ஒரு குறிப்பிட்ட வீரருக்காகப் பொறுமையாகச் செய்த வாள்களும் ஒரே பட்டறையிலிருந்து வந்தன. "பிஷூ ஓசாபுனே சுகேசாதா" (பிஷூ என்பது பிசெனின் மறுபெயர்) என்று சுருக்கமாக மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் மொத்த வேலை. "பிசென் நாட்டில் வாழும் ஓசாபுனே யோசோசாஎமோன் நோ ஜோ சுகேசாதா செய்தது" என்று கொல்லரின் சொந்தப் பெயருடன் நீளமாக இருந்து, மறுபக்கத்தில் தேதியும் செய்வித்தவர் பெயரும் இருந்தால், தனி ஆணைக்குச் செய்தது. இரண்டிலும் "சுகேசாதா" என்றே இருக்கும். விலையோ பல மடங்கு வேறுபடும். 1590 வாக்கில் யோஷிஇ ஆற்றின் வெள்ளம் ஓசாபுனேயின் பட்டறைகளைப் பெருமளவு அழித்த பிறகும் இந்தப் பெயர் பிற்காலத்தவரால் தொடரப்பட்டது. அதனால் "சுகேசாதா" என்று படித்தவுடன் தேடல் முடிவதில்லை, அங்கேதான் தொடங்குகிறது: எந்தச் சுகேசாதா, எந்த ஆண்டு, எந்தத் தரம்?

பெயர் பெரிதாக ஆக, போலி வாய்ப்பும் பெரிதாகிறது. நாகாசோனே கோதெத்சு என்ற கொல்லரின் பெயர் அவர் வாழ்ந்த 17-ம் நூற்றாண்டிலிருந்தே போலியாகப் பொறிக்கப்பட்டு வருகிறது. கோதெத்சு என்று கண்டால் முதலில் போலி என்றே கொள்வது சேகரிப்பாளர் வழக்கம். ஜப்பானின் மிகப் புகழ்பெற்ற கொல்லரான மசமுனே கையொப்பமிட்டவை மிக அரிது என்பதால், கொட்டை எழுத்தில் மசமுனே என்று இருந்தால் சிரித்துவிட்டு நகரலாம். எழுத்துகளை, சரிபார்க்கப்பட்ட வாள்களின் நாகாகோப் பிரதிகளோடு ஒவ்வொரு கோடாக ஒப்பிடுங்கள். உளி எங்கே இறங்கியது, கோடு எந்தத் திசையில் முடிந்தது என்பது கையெழுத்து மாதிரியே ஆளுக்கு ஆள் மாறும்.

கடைசிச் சோதனை: வடிவம், ரேகை, ஹாமோன் ஆகியவற்றிலிருந்து நீங்கள் எழுதி வைத்த காலமும் மரபும், கையொப்பம் சொல்வதோடு பொருந்துகிறதா? பொருந்தவில்லை என்றால் இரும்பை நம்புங்கள்.

படி 6: சான்றிதழ்கள்

ஜப்பானில் 1948-ல் தொடங்கிய கலை வாள் பாதுகாப்புச் சங்கத்தின் சான்றிதழ்தான் சந்தையில் அதிகம் மதிக்கப்படுகிறது. நான்கு படிகள், கீழிருந்து மேலாக: ஹோசோன், தோகுபெத்சு ஹோசோன், ஜூயோ, தோகுபெத்சு ஜூயோ. முதலிரண்டும் 1982-ல் வந்தவை. அதற்கு முன்பு அதே சங்கம் கொடுத்த கிச்சோ வகைச் சான்றிதழ்களில், குறிப்பாக 1970-களின் சிலவற்றில், முறைகேடு நடந்ததாக அறியப்படுவதால், அவற்றை மட்டும் நம்பி முழு விலை கொடுக்க யாரும் முன்வருவதில்லை. மறுபடி சமர்ப்பித்துப் புதுச் சான்றிதழ் வாங்கும் செலவையும், அது மறுக்கப்படும் வாய்ப்பையும் விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

புதியவர்கள் மிகவும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. ஜப்பானுக்குள் இருக்கும் ஒவ்வொரு வாளுக்கும் மாநிலக் கல்வி வாரியம் கொடுத்த பதிவு அட்டை இருக்கும். அதில் நீளம், வளைவு, கையொப்பத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதெல்லாம் இருக்கும். அது வாள் வைத்திருக்கச் சட்ட அனுமதி மட்டுமே. கையொப்பம் உண்மை என்று அது எங்கும் சொல்வதில்லை. "அரசுச் சான்றுடன்" என்று விற்பவர்கள் காட்டுவது பல நேரம் இந்த அட்டையைத்தான்.

சான்றிதழில் உள்ள நாகாகோ படத்தோடு உங்கள் கையில் உள்ள நாகாகோவின் ஒவ்வொரு துளையையும் ஒப்பிடுங்கள். உண்மையான சான்றிதழோடு வேறு வாள் விற்கப்பட்டதும் உண்டு.

படி 7: விலை

உச்சத்தில் எண்கள் தலைசுற்ற வைக்கும். 2020-ல் செதோஉச்சி நகராட்சி, மக்களிடம் நிதி திரட்டி, யாமாதோரிகே என்ற தேசியப் பொக்கிஷ வாளை 50 கோடி யென்னுக்கு வாங்கியது. 1992-ல் நியூயார்க்கில் அமெரிக்கச் சேகரிப்பாளர் காம்ப்டனின் தொகுப்பு ஏலத்தில் ஒரு காமாகுரா கால (12 முதல் 14-ம் நூற்றாண்டு) வாள் 4,18,000 டாலருக்குப் போனது. உங்கள் வாளை மதிப்பிட இவை உதவாது. ஜப்பானியக் கடைகளில் ஹோசோன் சான்றிதழ் உள்ள சாதாரணக் கொல்லரின் கத்தானா பல லட்சம் யென்னிலும், ஜூயோ வாள்கள் பல மில்லியன் யென்னிலும் நிற்கும் என்ற தோராயம் போதும்.

கணக்கு இப்படி: அதே கொல்லர், அதே தலைமுறை, அதே நீள வகை, அதே சான்றிதழ் படி உள்ள வாள்கள் என்ன விலைக்கு விற்றன என்று மூன்று நான்கு எடுத்துக்காட்டுகள் தேடுங்கள். கேட்ட விலை அல்ல, விற்ற விலை. ஏல நிறுவனங்களின் பழைய முடிவுகள் இதற்கு உதவும். அதில் ஏலக் கட்டணம் சேர்ந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் வாளின் குறைகளைக் கழியுங்கள்.

பலர் சறுக்குவது மெருகுச் செலவில்தான். மரபு மெருகாளரிடம் ஒரு கத்தானாவை முழுமையாகக் கொடுத்தால் சில ஆயிரம் டாலர் ஆகும். புது ஹாபாகி (அலகின் அடியைப் பற்றும் உலோகப் பட்டை), ஓய்வு உறை (வாளைச் சேமித்து வைக்கும் வெறும் மர உறை) சேர்த்தால் இன்னும் கூடும். மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டும். கற்பனையாக ஒரு கணக்கு: மெருகிட்டுச் சான்றிதழ் பெற்ற நிலையில் 5,000 டாலர் போகும் வாளை, துருவோடு 3,000-க்கு வாங்கி, 3,500 செலவழித்தால் 1,500 நட்டம். அதுவும் கையொப்பம் உண்மையாக இருந்தால்தான். எனவே துருப்பிடித்த வாளுக்கு முழு மெருகு கொடுக்கும் முன், மெருகாளரிடம் ஒரு சிறு சன்னல் மட்டும் திறந்து (சிறு பகுதியை மட்டும் மெருகிட்டு) பார்க்கச் சொல்லுங்கள்.

கைக்காப்பு (சுபா), உறை, நாடா ஆகியவற்றைத் தனியாக மதிப்பிடுங்கள். சில நேரம் வாளைவிடச் சுபா விலை கூடுதலாக இருக்கும். அதற்காக ஒன்றாகவே வாழ்ந்த தொகுப்பைப் பிரித்து விற்பதை நான் ஏற்பதில்லை.

படி 8: யாரிடமிருந்து வந்தது, எப்படிக் கொண்டுவருவது

போருக்குப் பின் ஜப்பானிலிருந்து காணாமல் போன பொக்கிஷங்கள் இன்னும் உண்டு. 1945 டிசம்பரில் தோக்கியோவின் மேஜிரோ காவல் நிலையத்தில் ஒப்படைக்கப்பட்ட ஹோஞ்சோ மசமுனே என்ற வாள் இன்றுவரை கிடைக்கவில்லை. அமெரிக்கச் சேகரிப்பாளர் வால்டர் காம்ப்டன், தம்மிடம் வந்த குனிமுனே என்ற கொல்லரின் வாள் ஒன்று காகோஷிமாவின் தெருகுனி ஆலயத்துக்குரியது என்று தெரிந்ததும், 1963-ல் எந்தப் பணமும் வாங்காமல் திருப்பிக் கொடுத்தார். எனவே உரிமை வரலாற்றைக் கேட்டு எழுதி வாங்குங்கள்: பழைய ரசீது, படைவீரர் கொண்டுவந்த அனுமதித் தாள், குடும்பக் கடிதம், எதுவானாலும்.

ஜப்பானிலிருந்து வாங்கினால் விற்பவர் கலாசார முகமையிடம் ஏற்றுமதி அனுமதி பெற வேண்டும். பதிவு அட்டை திருப்பி ஒப்படைக்கப்படும். தேசியப் பொக்கிஷமும் முக்கியக் கலாசாரச் சொத்தும் வெளியேற முடியாது. இந்தியாவில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமுள்ள அலகு ஆயுதச் சட்டத்தின் பார்வைக்குள் வருகிறது. பணம் அனுப்பும் முன்பே மாவட்ட நிர்வாகத்திடமும் சுங்கத் துறையிடமும் எழுத்தில் கேட்டுவிடுங்கள். பிரிட்டனில் 50 செ.மீ.க்கு மேற்பட்ட வளைந்த வாள்களுக்கு 2008-ல் தடை வந்தது. மரபு முறையில் செய்தவற்றுக்கும் 1954-க்கு முந்தையவற்றுக்கும் விலக்கு உண்டு, ஆனால் அதை நிரூபிக்க வேண்டியது நீங்கள்தான். சான்றிதழின் நகலைப் பார்சலுக்கு வெளியே ஒட்டி, மூலத்தைத் தனியாக அனுப்பச் சொல்லுங்கள்.